அம்மா, நான், மகள்: மூன்று பேருக்கும் ஒரே நோயா?

கேட்டவர்: தறிவீடு, குமாரபாளையம்

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு அவளுக்கு வயிற்று வலி வந்துவிடுகிறது. வேன் வருவது எட்டு மணிக்கு. வாசல்படியில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸ் போட்டிருப்பாள். இன்னொரு சாக்ஸைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அப்படியே இருப்பாள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வேர்வை அரும்பியிருக்கும். நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேன் போய் அரை மணி நேரத்தில் வலி குறைந்து, பத்து மணிக்கு இட்லி கேட்டுச் சாப்பிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பேச்சே குறைந்துவிடும். ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். மாமியார் திருஷ்டி என்கிறார். மூன்று வெள்ளிக்கிழமை மந்திரித்தும் பார்த்தோம்.

இது மட்டும் என்றால் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

இவள் பிறந்தபோது எனக்கு 28. மூன்றாவது வாரத்திலிருந்து, குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திருக்கும் அண்டாவைப் பார்த்தாலே, பிள்ளையைத் தண்ணீருக்குள் அழுத்திவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அம்மாவைக் குளிப்பாட்டச் சொல்லிவிட்டு நான் பின்கட்டில் நின்று அழுவேன். ஆறேழு மாதம் அப்படி இருந்தது, அப்புறம் தானாகப் போனது. என் வீட்டுக்காரருக்குக்கூட இது தெரியாது. இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது 68. தம்பி பிறந்தபோது அவருக்குப் பிரசவ சன்னி கண்டது என்றும், ஒரு வாரம் தூங்காமல் என்னென்னவோ பேசினார் என்றும், அறையில் வைத்துப் பூட்டினார்கள் என்றும் பெரியம்மா சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தார். முப்பது வருடம் தறி ஓட்டியவர். சமையல்கட்டில் இருந்தபடியே சத்தத்தை வைத்து எந்தத் தறி நின்றது என்று சொல்வார். போன கார்த்திகையில் அப்பா போய்விட்டார். பொங்கலுக்குப் பிறகு அம்மா வேறு ஆளாகிவிட்டார். இப்போது தறி நின்றால் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். என்ன கேட்டாலும் "தெரியலை" என்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். இது மறதி நோய், வயசானால் வரும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறான் தம்பி.

பாட்டி, தாய், பேத்தி என்று இது ஒரே நோய்தானா? ரத்தத்தில் இறங்கி வருகிறதா? மூன்று வயதில் மூன்று மாதிரி வருமா? என் மகளுக்கு இன்னும் என்னென்ன வரப்போகிறது என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் இல்லை.

பதில்: ஈஸ்வரன், கோவை

சகோதரி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் எடுத்துப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்த நேரத்தில் வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம்தான். ஆனால் உங்கள் நல்லதுக்காக ஒன்று சொல்கிறேன். மனநல மருத்துவரிடம் மட்டும் அவசரப்பட்டுக் கூட்டிப்போகாதீர்கள். சீட்டில் ஒருமுறை எழுதிவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். பள்ளியை மாற்றிப் பாருங்கள். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் சரியானது.

பதில்: வார்டு சிஸ்டர், மதுரைப் பக்கம்

தங்கச்சி, நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 31 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. நான் பார்த்ததையும் கற்றதையும் சொல்கிறேன். சீட்டில் என்ன எழுதுவது என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் அண்டாவைப் பற்றி. மற்ற இருவரையும் அப்புறம் பார்க்கலாம், ஏனென்றால் இதைத்தான் நீங்கள் 13 வருடமாகத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். பிள்ளை பெற்ற நிறைய தாய்மாருக்கு இந்த மாதிரி எண்ணம் வந்து போகிறது. மாடிப்படியில் போட்டுவிடுவேனோ, கத்தியைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று. அந்த எண்ணம் வந்ததும் நீங்கள் நடுங்கினீர்கள், அண்டாவை விட்டு விலகி நின்றீர்கள். அது பதற்றத்தின் வேலை. பிள்ளையைக் கொல்ல நினைக்கிற மனம் அப்படி நடுங்காது. உங்கள் அம்மாவுக்கு வந்ததோ வேறு. பிரசவ சன்னி என்று நம் ஊரில் பல வியாதிக்கும் பெயர் வைப்பார்கள், ஜன்னி கண்டாலும் அதுதான் பெயர். ஆனால் தூக்கமே இல்லாமல், தொடர்பில்லாமல் பேசிக்கொண்டு, பிறகு முழுதாகத் தெளிந்தார் என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு நிலையாக இருந்திருக்கலாம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். அதில் தாய் பெரும்பாலும் தன் எண்ணத்தைக் கண்டு பயப்படுவதில்லை, அதை உண்மை என்றே நம்பிவிடுகிறாள். அதனால் அது அவசர சிகிச்சைக்குரியது, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியது. உங்களுக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் ஒரே பருவத்தில் வந்தவை, அவ்வளவுதான். ஒன்றல்ல.

எங்கள் வார்டில் புற நோயாளிகள் பதிவேடு ஒன்று இருக்கும். பெரிய நீள நோட்டு, பச்சை அட்டை. பெயர், வயது, ஊர், வந்த குறை. நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மருத்துவர் சொல்லிக்கொடுத்தார்: "சிஸ்டர், குறையைப் படிக்கறதுக்கு முன்னாடி வயசைப் படி." பல வருடம் அந்த வயதுக் கட்டத்தைப் படித்துப் பழகினேன். ஆறு ஏழு வயது என்றால் அம்மாவை விட்டுப் பிரியப் பயம், பள்ளிப் பயம், இருட்டுப் பயம், ஓரிடத்தில் உட்காராத பிள்ளை. 12, 13, 14 என்றால் நாலு பேர் முன் நிற்கக் கூச்சம், வயிற்று வலி, தலைவலி, சாப்பாட்டை ஒதுக்குவது. 18லிருந்து 25 வரை என்றால் எங்களுக்கே ஒரு நிமிடம் மனசு கனக்கும். குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்பது, பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் திடீரென்று அறைக்கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் பெரும்பாலும் அந்த வயதில்தான். பையன்களுக்கு இருபதுகளின் தொடக்கத்தில், பெண்களுக்குச் சில வருடம் தள்ளி. பெண்களில் கொஞ்சம் பேருக்கு மாதவிடாய் நிற்கிற காலத்தில்தான் முதல் முறையாக வரும். "இந்த வயசில் புதுசாக எப்படி வரும்" என்று வீட்டில் நம்ப மாட்டார்கள். முப்பது நாற்பதில் குடி, கடன், மனச்சோர்வு மூன்றும் ஒரே சீட்டில் வரும். அறுபதுக்கு மேல் என்றால் வந்தவரிடம் பேசுவதற்கு முன்பே மாத்திரைப் பையை வாங்கிப் பார்ப்போம்.

இது என் நோட்டுக் கணக்கு மட்டும் இல்லை. 192 ஆய்வுகளை, ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்து 2022இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனநலக் கோளாறுகள் முதலில் தலைகாட்டுவது மிக அதிகமாக எந்த வயதில் என்று பார்த்தால் பதினாலரை. மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள், ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள், நூற்றுக்கு 62 பேருக்கு 25 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது. நாம் மனநோய் என்றால் நடு வயதுக்காரரை நினைக்கிறோம். அது தொடங்குகிற இடம் பள்ளிக்கூடம். உங்கள் மகள் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த வாசல்படி.

ஏன் அந்த வயது? மூளையில் ஆசையும் பயமும் பொங்குகிற பகுதி முதலில் முற்றிவிடுகிறது. "இரு, யோசி" என்று இழுத்துப் பிடிக்கிற நெற்றிப் பக்க மூளை இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முற்றுகிறது. இடைப்பட்ட பத்து வருடத்தில் உடம்பு மாறுகிறது, பள்ளி மாறுகிறது, நண்பர்கள் மாறுகிறார்கள், தேர்வு வருகிறது. ஏற்கெனவே மெல்லிய இடம் எதுவோ அங்கே விரிசல் விடும்.

ரத்தத்தில் இறங்குமா என்று கேட்டீர்கள். மெல்லிய இடம் இறங்கும், நோய் அப்படியே இறங்காது. குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்பது என்று சொன்னேனே, அந்த மனச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வருவது. தாயோ தகப்பனோ ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் பத்து அளவுக்கு ஏறும். அதாவது தொண்ணூறு பேருக்கு வராது. இந்தக் கணக்கை நான் எத்தனையோ தாய்மாரிடம் விரல் விட்டுச் சொல்லியிருக்கிறேன். பத்து விரலையும் நீட்டி ஒன்றை மட்டும் மடக்கிக் காட்டினால் அவர்கள் முகம் மாறும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே ஆளுக்கே வயது மாறும்போது நோயின் பெயரும் மாறலாம். நியூசிலாந்தில் டனீடன் என்ற ஊரில் 1972, 73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். 45 வயதுக்குள் அவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு ஒரு முறையாவது வந்திருந்தது. சின்ன வயதில் பயம், பெரிய வயதில் சோர்வு என்று பலருக்கு வேறு வேறாக வந்திருக்கிறது. நான் இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வார்டுக்கு வருகிறவர்கள் ஒரு தனி ஜாதி என்று எங்களுக்குள்ளேயே ஒரு நினைப்பு இருந்தது. அது தப்பு.

ஈஸ்வரன் தம்பி, நீங்கள் அக்கறையில் சொன்னீர்கள் என்பது புரிகிறது. ஆனால் உங்களைப் போல நல்லது நினைத்துச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு மூன்று வருடம் வீணான பிள்ளைகளைத்தான் நான் வார்டில் வாங்கிப் படுக்க வைத்தேன். ஒரு பையன், 19 வயது. டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அதன் மேல் போர்வையைப் போட்டு மூடி, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தான். அம்மா பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினார். ஆறு கோயில், இரண்டு தர்கா. எங்களிடம் வரும்போது 21. தொடக்கத்திலேயே மாத்திரை ஆரம்பித்திருந்தால் படிப்பை முடித்திருப்பான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் இறந்தார்களே, அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்களும் பாசம் இல்லாதவர்கள் இல்லை. வேறு வழி யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சீட்டு விஷயத்துக்கு வந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை.

இனி மகள். அவளிடம் "ஏன் போக மாட்டேன்கிற" என்று காலை ஏழே முக்காலுக்குக் கேட்காதீர்கள், அப்போது அவளுக்கே தெரியாது. சனிக்கிழமை மதியம், கையில் ஏதாவது வேலை இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது. "பள்ளியில் எந்த இடம் உனக்குப் பிடிக்காது?" என்று இடத்தைக் கேளுங்கள். வகுப்பா, வேனா, கழிப்பறையா, மைதானமா? பிள்ளைகள் காரணத்தைச் சொல்ல மாட்டார்கள், இடத்தைச் சொல்வார்கள். வீட்டில் நிறுத்தி வைப்பது அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு நாளும் மறுநாளைக் கடினமாக்கும். அடித்து வேனில் ஏற்றுவதும் வேண்டாம். ஒரு மணி நேரம், அரை நாள் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும், பள்ளியோடு பேசி. மருந்தில்லாமல் பேச்சு சிகிச்சையிலேயே நிறைய பிள்ளைகள் தேறுகிறார்கள்.

அம்மா. தம்பி சொல்கிற மாதிரி உடனே மறதி நோய் என்று கையைக் கழுவிவிடாதீர்கள். மறதி நோய் எப்போது தொடங்கியது என்று பெரும்பாலும் வீட்டில் யாராலும் மாதத்தைச் சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக வரும். நீங்கள் "பொங்கலுக்குப் பிறகு" என்று சொல்கிறீர்கள். மறதி நோய்க்காரர் பெரும்பாலும் தெரியாததை மழுப்புவார், எதையாவது சொல்லி ஒப்பேற்றுவார். உங்கள் அம்மா "தெரியலை" என்று நிறுத்திக்கொள்கிறார். மூன்று மணிக்கு விழிப்பு. இவையெல்லாம் மனச்சோர்வின் பக்கம் சாய்கின்றன. வயதானவர்கள் பல பேர் சோர்வு வந்தால் அழ மாட்டார்கள், மறப்பார்கள், மேலெல்லாம் வலி என்பார்கள். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டு, பி12, சோடியம், காது கேட்கிறதா, கண்ணில் புரை இருக்கிறதா எல்லாம் பாருங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: தம்பி பிறந்தபோது நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவத்தில் அப்படி வந்தவர்களில் பலருக்கு அடியில் பைபோலார் இருக்கும், அதாவது சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வருகிற நோய். அது தெரியாமல் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மறுபக்கம் எகிறிவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

14416க்கு அடியுங்கள். டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு எண், காசு இல்லை, தமிழில் பேசுவார்கள், ராத்திரியும் எடுப்பார்கள். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: மூன்றாம் ஷிப்ட்

சிஸ்டர் சொன்ன அந்தப் பையனை மாதிரி ஒருவன் நான். 20 வயதில் வந்தது. இப்போது 36. நூல் மில்லில் பராமரிப்பு வேலை, கல்யாணம் ஆகி ஒரு பையன். எனக்கு அதிர்ஷ்டம், பக்கத்துத் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணன் முதல் மாதத்திலேயே அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன், ராத்திரி ஒன்று.

தறிவீடு அக்கா, எனக்கு 11, 12 வயதில் என்ன இருந்தது தெரியுமா? வாந்தி. பள்ளிக்குப் போகும் வழியில் அதே வேப்பமரத்தடியில் தினமும் வாந்தி எடுப்பேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எலுமிச்சம்பழம்தான் கொடுத்தார்கள். அதுதான் பின்னால் பெரிய வியாதி ஆனது என்று சொல்லவில்லை, அப்படி நினைத்துப் பயப்படாதீர்கள். அப்போது ஒருவராவது கூட நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதற்காகச் சொல்கிறேன்.

தறிவீடு, பன்னிரண்டு நாள் கழித்து

சிஸ்டர், நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். அண்டா விஷயத்தை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து, "அதனால்தான் குளிப்பாட்டவே மாட்டேன்னியா" என்றார். அவர் கவனித்திருக்கிறார், கேட்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை துணி மடிக்கும்போது மகளிடம் இடத்தைக் கேட்டேன். கழிப்பறை என்றாள். மே மாதம் வயதுக்கு வந்தவள். பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன வருடத் தோழி வேறு பிரிவுக்குப் போய்விட்டாள், பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். நான் தலைமை ஆசிரியரைப் பார்த்தேன், தாழ்ப்பாள் வைத்துவிட்டார்கள். ஆனாலும் வலி நிற்கவில்லை. நாலு மாதத்தில் பயம் கழிப்பறையை விட்டு வகுப்புக்கும் பரவிவிட்டது போல இருக்கிறது. வியாழக்கிழமை ஆலோசகரைப் பார்த்தோம். இந்த வாரம் முதல் இரண்டு பீரியட் மட்டும். நான் பள்ளி வாசலில் இருக்கிற பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்குத் தைராய்டு குறைவாக இருக்கிறது, மனச்சோர்வும் இருக்கிறது என்றார்கள். பழைய கதையைச் சொன்னேன். மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு, எத்தனை நாள் தூங்காமல் இருந்தார், அதற்குப் பிறகு எப்போதாவது அதிகம் பேசிச் செலவு செய்தாரா என்று நிறைய கேட்டார். பெரியம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டோம். மாத்திரை ஆரம்பித்து ஐந்து நாள்தான் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. கவலையாக இருக்கிறது.

பதில்: வார்டு சிஸ்டர்

ஐந்து நாளில் ஒன்றும் தெரியாது தங்கச்சி. இந்த வயதில் ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். முதலில் தூக்கம் சரியாகும், அப்புறம் சாப்பாடு, பேச்சு கடைசியில்தான் வரும். மாத்திரையை நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள், டப்பாவை அவரிடம் விட வேண்டாம். நன்றாகத் தெரிகிறார் என்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று தூக்கமே வேண்டாம் என்று சுறுசுறுப்பாகிவிட்டால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சாக விருப்பம் என்ற மாதிரி ஏதாவது சொன்னாலும் அப்படியே.

அவரைத் தறிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தறி நின்றது என்று கேட்க வேண்டாம். சும்மா உட்காரட்டும்.